ஆறு டிகிரி

என் அக்காவின் வேலை காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால், "இருக்கான்னு பாக்குறது பாதி வேலை, இல்லைன்னு சொல்றது மீதி வேலை" என்பாள். அந்த மீதி வேலைதான் கஷ்டமானது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தொழிற்சாலையின் கடைசிக் கட்டடம் ஃபியூஸ் செக்‌ஷன். பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகும் பித்தளைக் கூம்புக்குள் மருந்து வைக்கிற இடம். அதிலிருந்து நூறு அடி தள்ளி, மண் மேட்டுக்கு இந்தப் பக்கம், அக்காவின் அறை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், டீ போட ஒரு மின் அடுப்பு. சுவரில் மரப்பலகை, அதில் பக்கம் பக்கமாக இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் அடிக் குமிழில் பருத்தித் திரி சுற்றியிருக்கும். திரியின் வால் ஒரு பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். காற்று காய்ந்திருந்தால் திரியில் உள்ள ஈரம் சீக்கிரம் பறக்கும், குமிழ் குளிரும், அந்த மீட்டர் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு டிகிரி வரை இருந்தால் வேலை நடக்கலாம். ஆறைத் தாண்டினால் பெல்.

பெல் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் மருந்துத் தட்டை மெதுவாகக் கீழே வைத்து, ஈரக் கம்பளியால் மூடிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். காய்ந்த காற்றில் மனுஷ உடம்பே தீப்பெட்டிதான். துணி உரசினால் பொறி, தலைமுடி உரசினால் பொறி. கண்ணுக்குத் தெரியாது. அந்த மருந்துக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தக் கட்டடத்து வாசலில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சொந்தச் செருப்பைக் கழற்ற வேண்டும், அந்தப் பக்கம் கால் வைத்ததும் அவர்கள் தரும் செருப்பு. கதவருகே, உடம்பில் உள்ள மின்சாரம் மண்ணுக்குள் இறங்க, ஒரு பித்தளைத் தகடு. உள்ளே போகிறவர் யாரானாலும் அதில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணிவிட்டுத்தான் போக வேண்டும். முப்பது வருஷமாகக் கைபட்டு அந்தத் தகட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நான் தையல் கொட்டகையில் இருந்தேன். குண்டைத் தள்ளுகிற வெடிமருந்துக்குத் துணிப்பை தைப்பது என் வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்கா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. முன்னறை அவர்களுக்கு, சமையலறையை ஒட்டிய தடுப்பு எனக்கு. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஃபியூஸ் செக்‌ஷனில் மருந்து நிரப்புகிறவர். கை நடுங்காத மனிதர் என்று பெயர். வீட்டில் டம்ளர் நிறைய டீ ஊற்றி, தட்டு இல்லாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுப்பார். "அந்தத் திமிருக்குத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்" என்று அக்கா சொல்வாள்.

அந்த நாட்களில் பெல் அடித்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம். கூலி நிற்காது. மரத்தடியில் சீட்டு, அரட்டை, அரைத் தூக்கம். "பெல்லக்கா, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இழுத்துடேன், உனக்குக் கோயில் கட்டுறேன்" என்பார்கள். அவள் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "கோயில் வேண்டாம், வாங்கிட்டுப் போன பேனாவைக் குடு" என்பாள்.

பிறகு குண்டு தேவைப்படாத காலம் வந்தது. மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் கேன்டீனில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். இனிமேல் நாடுகள் பெரிய சண்டை போடாது, போட்டாலும் பீரங்கி வைத்துப் போடாது, எல்லாம் வானத்திலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் நடக்கும் என்றார். பின்வரிசையில் யாரோ, "அப்போ கம்ப்யூட்டரைத் தூக்கி எறிவாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மூன்று மாதத்தில் ஃபியூஸ் செக்‌ஷனைப் பூட்டினார்கள். முன்னூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், மாமாவும் அதில் ஒருவர். தையல் கொட்டகையில் பயிற்சிக் குண்டுகளுக்கென்று எட்டுப் பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதில் நான் இருந்தேன். அக்காவைக் கிடங்கில் ஈரம் பார்க்கப் போட்டார்கள்.

காலியான கட்டடங்களிலிருந்து சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். ஃபியூஸ் செக்‌ஷனுக்கு நீராவி அனுப்பிக் காற்றை ஈரமாக வைத்துக்கொள்ள ஒரு பாய்லரும் குழாய்களும் இருந்தன. அதையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அக்கா கிடங்கு வாசலில் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "இருமல் நின்னுடுச்சுன்னு நுரையீரலை வித்துட்டாங்க" என்றாள்.

மாமா நாலு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேலை தேடாமல் இல்லை. கடிகாரக் கடையில் சேர்ந்தார், கடையை மூடினார்கள். தையல் மெஷின் ரிப்பேர் செய்தார். மாதத்துக்கு இரண்டு மெஷின் வந்தது. ஆனால் என் நினைவில் இருப்பது ஜன்னல்தான். காலையில் நாங்கள் இருவரும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்ப்பார். டம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்.

அப்புறம் எங்கேயோ சண்டை மூண்டது. எங்களில் யாரும் போயிராத, பேர் சொல்லவே நாக்குப் புரளாத ஊர்களில். கம்ப்யூட்டர் சண்டை என்று சொன்னவர்கள் ஏமாந்துபோனார்கள். இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி உட்கார்ந்துகொண்டு பழையபடி பீரங்கியால் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் ஒரு வருஷம் செய்வது அவர்களுக்கு ஒரு வாரத்துக்குக் காணாது என்று பேப்பரில் போட்டிருந்தது. அந்தச் சண்டையில் இல்லாத நாடுகளும் பயந்துபோய்த் தங்கள் கிடங்குகளை நிரப்ப ஆரம்பித்தன. ஆர்டர் மேல் ஆர்டர். ஃபியூஸ் செக்‌ஷன் பூட்டை அறுத்துத் திறந்தார்கள். சாவி யாரிடம் இருந்தது என்றே தெரியவில்லை. அக்காவைக் கிடங்கிலிருந்து பழைய அறைக்கே மாற்றினார்கள்.

மாமாவுக்குக் கடிதம் வந்த அன்று அவர் சவரம் செய்துகொண்டு, வெறும் கையில் டீ கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கிக் குடித்தாள். அவள் கண் கலங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆனால் திரும்பி வந்தது பழைய தொழிற்சாலை இல்லை. மாமா உட்பட எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பெல் அடித்தால் கூலி இல்லை. பாதிப் பேர் புதுசு. அதில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். ஒல்லியாக இருந்ததால் குச்சி என்று கூப்பிட்டார்கள். சூப்பர்வைசரும் புதுசு. வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார், அதனால் அவர் பெயர் கோட்டு. எந்த நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று அவருக்கே தெரியாது, தயாராக இருந்தார்.

பாய்லர் மட்டும் வரவில்லை. அக்கா நாலு மனு எழுதிக் கொடுத்தாள். நான்தான் திருத்திக் கொடுத்தேன். "அடுத்த பட்ஜெட்" என்று பதில் வந்தது. மழைக்காலத்தில் அது தெரியவில்லை. காய்ந்த காற்று வீச ஆரம்பித்ததும் தெரிந்தது. பதினொரு மணிக்கு பெல், மூன்று மணிவரை வேலை இல்லை. மறுநாள் பத்தரைக்கே பெல்.

மரத்தடியில் இப்போது யாரும் சீட்டு ஆடவில்லை.

"பெல்லக்கா, கொஞ்சம் அந்தக் கண்ணாடியைத் துடைச்சுப் பாரேன். ஏழு மாதிரி தெரியறது அஞ்சா இருக்கப் போகுது."

"துடைச்சாச்சு. இப்போ ஏழரை."

"நீ உள்ள போய் நில்லு. உன்னைப் பாத்தாலே எங்களுக்கு வேர்க்குது, ரூம் ஈரமாயிடும்."

"உங்க வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. உங்களைக் கட்டின கதையைச் சொல்லச் சொல்லுங்க. கண்ணீர்லயே ஈரம் வந்துடும்."

அவள் வாயை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் நாளாக நாளாகக் கேலி நின்று, பேச்சும் நின்றது. அவள் வந்தால் மரத்தடியில் இடம் விடமாட்டார்கள். குச்சி மட்டும் அவள் அறைக்கு டப்பாவைக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவாள். இருவரும் அவித்த முட்டையைப் பாதி பாதி பங்கு போட்டுக்கொள்வார்கள்; குச்சிக்கு மஞ்சள் பிடிக்காது, அக்காவுக்கு வெள்ளை பிடிக்காது. பித்தளைத் தகட்டில் மூன்று எண்ணச் சொன்னால் குச்சி வேகமாக எண்ணுவாள்.

"அது என்னடி ஒண்ணரண்மூணு? உன்னை யாரு துரத்துறா?"

"பிஸ்கட் கம்பெனி பழக்கம்க்கா. அங்க மூணு எண்றதுக்குள்ள ஆறு பெட்டி போயிடும்."

"இங்க நீ போயிடுவே. மெதுவா எண்ணு."

கோட்டு ஒருநாள் அக்காவின் அறைக்கு வந்து பெல்லைச் சுற்றி ஒரு பெட்டி அடிக்கச் சொன்னார். பூட்டு, சாவி அவரிடம். இனி ரிஜிஸ்டரை அவரிடம் காட்டி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெல். "நாங்க நின்னா இன்னொரு நாட்டுக்காரன் நிக்காம செய்யறான். அந்த ஆர்டர் அங்க போயிடும். உங்க ஆறு டிகிரிக்காக உலகம் காத்திருக்காதும்மா" என்றார்.

"உலகம் காத்திருக்க வேண்டாம் சார். காத்து காத்திருக்காது" என்றாள் அக்கா. அவர் கையெழுத்துப் போட்டார். போடாமல் இருக்க அவருக்கும் பயம்தான். ஆனால் மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: நிறுத்த நேரம் இப்படியே இருந்தால் ஃபியூஸ் செக்‌ஷன் வேலை வேறு இடத்துக்கு மாற்றப்படும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே மாமா ஆரம்பித்தார்.

"நான் சொல்றதைக் கோவப்படாமக் கேளு. ஆறுன்னு எவனோ எப்பவோ எழுதினது. ஏழுலயும் நாங்க வேலை பாத்திருக்கோம். அந்தக் காலத்துல."

"எப்போ?"

"நீ லீவு போட்ட அன்னிக்கு."

"அன்னிக்குச் சாகலைன்னா என்னிக்கும் சாக மாட்டீங்களா?"

"எட்டை ஆறுன்னு எழுதச் சொல்லலையே. ஆறேகாலை ஆறுன்னு எழுதுன்னுதானே கேக்குறேன்."

"இன்னிக்கு ஆறேகால். நாளைக்கு ஆறே முக்கால். அப்புறம் எனக்கு எதுக்கு அந்த மீட்டர்? கோட்டையே கேட்டு எழுதிட்டுப் போறேன்."

மாமா சாப்பிடாமல் எழுந்தார். கை கழுவப் போகிற வழியில் ஜன்னலைப் பார்த்தார். அக்காவும் அதைப் பார்த்தாள். "உங்களைத் திரும்ப அங்க உட்கார வைக்கணும்னு எனக்கு ஆசையா?" என்று கேட்டாள். அவர் கை கழுவப் போனார். அவர் தட்டில் இருந்ததை அவள் என் தட்டில் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் மாமா தையல் கொட்டகைக்கு வந்தார். மதிய நேரம், மற்றவர்கள் கேன்டீனில். என் மெஷின் பக்கத்தில் பை நூலுக்குப் பூசுகிற தேன்மெழுகுக் கட்டி இருந்தது. அதை எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"மாப்ளே, உங்கக்காவுக்குத் திரி நீதானே வெட்டிக் குடுக்குறே?"

ஆமாம், நான்தான். மீட்டருக்குத் திரி வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஸ்டோரில் எழுதிக் கேட்டால் மாதம் ஆகும் என்று நாங்கள் பை தைக்கிற துணியிலேயே நாடாவாக வெட்டிச் சனிக்கிழமை தருவேன். அவள் கொதிநீரில் அலசிக் காயவைத்துத் திங்கட்கிழமை மாற்றுவாள். கொஞ்ச நாளாக, நானே அலசிக் கொடுக்கிறேன் என்று அந்த வேலையையும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று.

"நடுவுல லேசா மெழுகு தடவிடு. ரொம்ப வேண்டாம். தண்ணி கொஞ்சமா ஏறும், ரெண்டு மூணு டிகிரி குறைச்சுக் காட்டும். அவ பொய் எழுத வேண்டாம். மீட்டர் சொல்றதைத்தான் எழுதப்போறா."

"மாமா, இது…"

"உள்ள உட்காரப்போறது யாரு? நான். என் உசிரு மேல எனக்கு அக்கறை இல்லையா? தரையைத் தண்ணி ஊத்தி நனைச்சுக்கறோம். மழை வர்ற வரைக்கும்தான். ஒரு மாசம்." மெழுகை என் மேசையில் வைத்தார். "இன்னொரு தடவை அந்த ஜன்னல் பக்கத்துல உட்கார என்னால முடியாது மாப்ளே. உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்."

ஒரு வாரம் செய்யவில்லை. அந்த வாரம் அவர் வீட்டில் தட்டோடு டீ கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை திரியின் நடுவில் மெழுகைத் தேய்த்தேன். நூலுக்குத் தேய்ப்பது போலத்தான், இரண்டு இழுப்பு. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

வாரா வாரம் அப்படியே வெட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு பதினெட்டு நாள் பெல் அடிக்கவில்லை.

அந்தப் பதினெட்டு நாள் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை எழுதாமல் விடக் கூடாது. மரத்தடியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. "பெல்லக்கா கை ராசி, காத்தே மாறிடுச்சு" என்றார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வரும்போது கேக் வாங்கி வந்தாள். மாமா அவளைக் கேலி செய்தார், அவள் திருப்பிச் செய்தாள். அந்த மாதத்து அறிவிப்பில் ஃபியூஸ் செக்‌ஷனுக்குப் பாராட்டு. ஒருநாள் தலைவாரும்போது சீப்போடு முடி எழுந்து நின்றது. படுக்கை விரிப்பை உதறினால் படபடவென்று சத்தம் கேட்டது. அவள் உதட்டைத் தடவிக்கொண்டு, "மீட்டர் நாலரைங்குது, என் உதடு வெடிக்குது. வயசாயிடுச்சு போலடா தம்பி" என்றாள்.

புதுசாக வருகிறவர்களிடம் இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒன்றைத்தான் சொல்லி வந்தாள்: உடம்பை நம்பாதே, மீட்டரை நம்பு. அதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, "களிம்பு தடவிக்கோ" என்றேன்.

பத்தொன்பதாம் நாள் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். கோட்டு காலையிலிருந்து அவர்களோடு நிர்வாகக் கட்டடத்தில் இருந்தார். வெளியே புழுதிக் காற்று. பதினொரு மணி சுமாருக்கு அக்கா தையல் கொட்டகை ஜன்னலுக்கு வந்தாள். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. கையில் திரி.

"தம்பி, இங்க வா. கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்தும்போது ஒரு சொட்டு இது மேல விழுந்துச்சு. உறிஞ்சவே இல்லை. முத்து மாதிரி நிக்குது. இது நீ வெட்டினதுதானே?"

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கைக்குப் பக்கத்தில் மெழுகுக் கட்டி இருந்தது. அதன் மேல் ஒரு துண்டுத் துணியை இழுத்துப் போட்டேன்.

"துணி புது லாட்டுக்கா. கஞ்சி போயிருக்காது. இன்னொரு தடவை கொதிக்க வெச்சா சரியாயிடும்."

அவள் திரியை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாளே, அப்படி.

"சரி. கொதிக்க வெச்சுப் பாக்குறேன். சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேகமாகத்தான் நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் அறையில் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரியைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, குமிழில் சுற்றி, மீட்டர் இறங்கி நிற்பதற்கு இன்னொரு பத்து, பதினைந்து. ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்தில் கடைசி வரி, பதினொன்று இருபத்தைந்து: வித்தியாசம் பதினொன்று. பிறகு அவள் இரண்டு முறை ஆபீஸுக்கு போன் செய்தாள். "சார் விருந்தாளிகளோட இருக்கார், சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுங்க" என்று டெலிபோன் ஆபரேட்டர் சொன்னாராம். பெல் பெட்டியை ஸ்டூலால் அடித்துப் பார்த்திருக்கிறாள். பலகை பிளந்திருந்தது, பூட்டு விடவில்லை. அதன் பிறகு ஃபியூஸ் செக்‌ஷனுக்கு ஓடினாள்.

வாசலில் நின்று கத்தவில்லை. கத்தினால் யாராவது திடுக்கிட்டுத் தட்டை ஆட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றினாள், சிவப்புக் கோட்டைத் தாண்டினாள், தகட்டில் கை வைத்து மூன்று எண்ணினாள். வெளியே வந்தவர்கள் எல்லோரும் இதைச் சொன்னார்கள், அவள் எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக. பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்த் தாழ்ந்த குரலில், "வெச்சுட்டு எழுந்திரு. மூடு. மெதுவா நட" என்றாள். பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். மாமாதான் கடைசி. அவர் நின்றாராம், அவள், "போங்க, நான் வரேன்" என்றாளாம்.

குச்சி கடைசி மேசையில் நிறைந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூக்கிய நேரத்தில் அக்கா உள்ளே வந்திருக்கிறாள். கீழே வைப்பதா, அப்படியே நிற்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா அவள் பக்கத்தில் போய் நின்று, "பாத்துக்கிட்டே இரு, என் கையைப் பாரு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தது மாமாவுக்கு வாசலில் கேட்டது. அவர் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.

எங்கள் கொட்டகையின் ஜன்னல் கண்ணாடி எல்லாம் உள்ளே விழுந்தது. மெஷின்கள் நின்றன. நான் எழுந்து ஓடும்போது எதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று பிறகு பார்த்தேன். பாதி தைத்த பை.

சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் புழுதிக்கு அடியில் அக்காவின் செருப்பு, ஜோடியாக, முனை வெளிப்பக்கம் திரும்பி இருந்தது. திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள வசதியாக அப்படித்தான் அவள் எப்போதும் விடுவாள்.

மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு அவள் அறைக்குப் போனேன். அவளுடைய சாமான்களை எடுக்கத்தான் போனேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மின் அடுப்பை அவள் அணைத்திருந்தாள். டீப் பாத்திரத்தில் தண்ணீர் ஆறியிருந்தது. அதன் மேல் மெல்லிய மஞ்சள் ஆடை ஒன்று உறைந்திருந்தது. விரலால் தொட்டேன். உடைந்தது. தேன்மெழுகு வாசனை. சுத்தமான திரி மீட்டரில் சுற்றியிருந்தது, இரண்டுக்கும் பதினொரு டிகிரி வித்தியாசம் அப்படியே நின்றது.

பாத்திரத்தை வெளியே எடுத்துப்போய் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துடைத்து, கவிழ்த்து வைத்தேன்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. அறிக்கையில் இப்படி இருந்தது: காலை முழுவதும் வித்தியாசம் நான்கு, ஐந்து என்றே பதிவாகியுள்ளது. ஒரு மணி நேரத்திற்குள் பதினொன்றாக மாற வாய்ப்பில்லை. பதிவு செய்தவர் பதற்றத்தில் தவறாகப் படித்து, அனுமதியின்றி உள்ளே நுழைந்து, தொழிலாளர்களிடையே குழப்பம் ஏற்படுத்தியதே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம். திரி பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், நான் வெட்டிக் கொடுத்தேனா என்று. ஆமாம் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

குச்சியின் அம்மா குடியிருப்பு வாசலில் நின்று அக்காவைத் திட்டினாள். தட்டோடு தன் மகள் பாட்டுக்கு நின்றிருப்பாள், இவள் போய்த்தான் கெடுத்தாள் என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பது நாளில் புது பாய்லர் வந்தது. சுவரில் எண் ஒளிரும் ஈரமானி மாட்டினார்கள். திரி வேண்டாம், ஆள் வேண்டாம். சண்டை இன்னும் நடக்கிறது என்றுதான் பேப்பரில் வருகிறது. இப்போது பறக்கும் சின்ன இயந்திரங்களுக்கு வெடி செய்கிற புதுக் கட்டடம் எழும்புகிறது. தையல் கொட்டகையில் பை போய், அவற்றுக்கு உறை தைக்கச் சொல்கிறார்கள்.

மாமாவுக்குக் காது போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் மிச்சம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு பேச ஒரு பலகையும் சாக்கட்டியும் வைத்திருக்கிறோம். மெழுகைப் பற்றி அவரும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி அவ உன்கிட்ட வந்தாளா மாப்ளே?"

இரண்டு வருஷமாக நான் பலகையில் 'இல்லை' என்று எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்ப்பார்.

போன வாரம் மறுபடி கேட்டார். சாயங்காலம், வெயில் இறங்கியிருந்தது. 'இல்லை' என்பதன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு அழித்தேன். 'வந்தா. சாயங்காலம் பேசிக்கலாம்னு சொன்னா' என்று எழுதினேன்.

அவர் வெகுநேரம் படித்தார். நாலு சொல்தான். பிறகு பலகையை மூன்று விரலால் துடைத்து, என் பக்கம் திருப்பி, என் கையில் வைத்தார். எழுது என்று அர்த்தம்.

பலகையில் இடம் போதாது. உள்ளே போய் அக்காவின் பெட்டியிலிருந்து எழுதாத ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துவந்தேன். நேரம், காய்ந்தது, நனைந்தது, வித்தியாசம் என்று அச்சடித்த கட்டங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து, கட்டங்களுக்கு மேலேயே, முதல் வரியை எழுதினேன்: என் அக்காவின் வேலை காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது.